செருப்புக்கு எடுத்த அளவு

1

வெளிநாட்டில் அப்பா இருக்கிற பிள்ளைகள் படிப்பதற்காக, ஊர் ஆண்டு மலருக்கு இரண்டு மூன்று பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அறிவுரை மாதிரி இருக்கட்டும்" என்றும் சொல்லிவிட்டார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். தங்கச்சிமடத்துக்காரன். ஷார்ஜாவில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்யும் பட்டறையில் ரவுட்டர் மெஷின் ஓட்டுகிறேன். பிளாஸ்டிக் பலகையையும் அலுமினியத் தகட்டையும் எழுத்து எழுத்தாக வெட்டித் தருவது என் வேலை. அறிவுரை சொல்ல உட்கார்ந்தால், எனக்கே யாராவது இரண்டு சொன்னால் தேவலை என்றுதான் தோன்றுகிறது. அதனால் போன லீவில் நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். பிள்ளைகள் படித்துவிட்டு அவரவர் அப்பாவுக்கும் காட்டலாம்.

நான் இங்கே வந்து பதினான்கு வருஷம் போன வாரம் முடிந்தது. கம்பெனியில் கேக் வெட்டி ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் என் பெயர் இல்லை, என் அப்பா பெயர் இருந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டதால், இங்கே ஆரோக்கியசாமி என்று ஒருவன் கிடையாது. எல்லோருக்கும் நான் சவரிமுத்து. செத்துப்போன மனுஷனைத் தினமும் காலை எட்டு மணிக்கு "சவரி, சவரி" என்று கூப்பிட்டு வேலை வாங்குகிறார்கள். நானும் திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறேன். இங்கே திருத்தக் கேட்டால், "ஊரில் போய் பாஸ்போர்ட்டை மாற்று" என்கிறார்கள். ஊரில் கேட்டால், "விசா அடிபடும், பேசாமல் இரு" என்கிறார்கள். லேபர் கார்டில் என் தொழில் 'சரக்கு ஏற்றி இறக்குபவர்'. அதை ஆபரேட்டர் என்று மாற்ற டிப்ளமா சான்றிதழ் வேண்டுமாம். மெஷினை ஓட்ட மட்டும் எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

கேக் வெட்டிக் கொடுத்த சான்றிதழைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. வேறொன்றும் இல்லை.

2

மகள் பெயர் ஸ்டெல்லா. இந்த வருஷம் பத்தாவது. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் எங்கள் பேச்சு இவ்வளவுதான்:

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"படிச்சியா?"

"ம்."

"மழை உண்டா அங்க?"

"இல்லப்பா. அம்மாட்ட குடுக்கவா?"

எனக்குச் சுள்ளென்று வரும். பிறகு யோசித்தால், நான் கேட்பதும் அதே மூன்று கேள்விதான். அவள் மழலை பேசிய காலத்தில் ஆரம்பித்தது, ஒரு கேள்விகூட மாறவில்லை.

அப்படி இருக்கும்போதுதான், லீவுக்கு ஊர் போவதற்குக் கொஞ்சம் முன்னால், என் மனைவி ரீத்தா ஒரு செய்தி சொன்னாள். ஸ்டெல்லாவும் அவளோடு படிக்கும் இரண்டு பிள்ளைகளும் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, ராமநாதபுரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போகிறார்களாம். அங்கே மேக்கர்ஸ்பேஸ் என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். பெரிய ஹால், உள்ளே விதவிதமான மெஷின்கள். கல்லூரிப் பிள்ளைகள் மட்டுமல்ல, ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் போய்த் தங்களுக்கு வேண்டியதைச் செய்து பார்க்கலாம். அதில் ரவுட்டரும் இருக்கிறது என்று ரீத்தா சொன்னதும் எனக்குக் கால் தரையில் படவில்லை. என் மகள் என் மெஷினில் வேலை செய்கிறாள்! நாலாவது கேள்வி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது இது. என் அக்கா பிலோமினாவும் இன்னும் ஐந்து பெண்களும் பாசி எடுக்கப் போகிறவர்கள். கடலுக்கடியில் பாறையில் முளைக்கும் பாசியை, மூச்சை அடக்கி முங்கிப் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடும் வேலை. முங்குவதற்கும் நீந்துவதற்கும் பாதத்துக்கு அடியில் ஒரு தகரத் தட்டைக் கட்டிக்கொள்வார்கள். மீனுக்குத் துடுப்பு மாதிரி இவர்களுக்கு அது. தகரம் வளையும், துருப்பிடிக்கும், நழுவும். போன வருஷம் நழுவிய தட்டு அக்காவின் குதிகாலைக் கிழித்து, ஆறு வாரம் வீட்டில் படுக்க வைத்துவிட்டது. அதற்குப் பதிலாக, நீல பிளாஸ்டிக் பேரலை அறுத்துத் தட்டு செய்கிறேன் என்று ஸ்டெல்லா அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். யாரும் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் முடிந்து பெண்கள் முதல் நாள் கடலில் இறங்கும்போது புதுத் தட்டு காலில் இருக்க வேண்டும். அவள் கணக்கு அதுதான்.

3

லீவில் போன முதல் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். வாசலில் பெரிய எழுத்தில் 'பொதுமக்கள் வரவேற்கப்படுகிறார்கள்' என்று இருந்தது. நல்ல பலகை, எழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே பிரகாஷ் என்று ஒரு லேப் அசிஸ்டென்ட் தம்பி, கழுத்தில் கார்டு தொங்க, கம்ப்யூட்டரில் என்னைப் பதிய ஆரம்பித்தார்.

"கல்வித் தகுதி சார்?"

"பத்தாவது."

"பத்தாவது இதுல வராது சார். பன்னெண்டாவதுல இருந்துதான் லிஸ்ட் இருக்கு. பன்னெண்டாவதுன்னு போட்டுக்கவா?"

"அது பொய்யில்லையா தம்பி? என் மக ஒம்பதாவதுதானே முடிச்சிருக்கா, அவளை எப்படிச் சேத்தீங்க?"

"அவங்க ஸ்கூல் ஸ்டூடன்ட் சார், அதுக்குத் தனி ஃபார்ம். சரி, நிறுவனம்?"

கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"வெளிநாடுன்னா பிரின்ஸிபல் அனுமதி வேணும் சார். பிரின்ஸிபல் லீவுல இருக்காங்க."

"தம்பி, பதினாலு வருஷமா இந்த மெஷினைத்தான் ஓட்டுறேன்."

"அதுக்கு ஏதாவது சர்டிபிகேட் இருக்கா சார்?"

என் லேபர் கார்டை எடுத்துக் காட்டியிருந்தால், சரக்கு இறக்க ஒரு ஆள் வந்திருக்கிறார் என்று பின்வாசலைக் காட்டியிருப்பார். கடைசியில் என்னைப் 'பார்வையாளர்' என்று பதிந்து, மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடத்தில் பொதுஜனமான எனக்கு ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

அங்கிருந்து பார்த்தேன். ரவுட்டரில் மரத்துக்குப் போடுகிற பிட்டைப் போட்டு, அசுர வேகத்தில் சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டை வெட்டிக்கொண்டிருந்தார் பிரகாஷ். பிட்டு என்றால் சுழன்று வெட்டுகிற அலகு. பிளாஸ்டிக் உருகி அதைச் சுற்றிப் பஞ்சுமிட்டாய் மாதிரி அப்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, புகை வருது."

"அது வரும் சார்."

"வரக்கூடாது தம்பி. வேகத்தைப் பாதியாக்குங்க. ஒத்தைப் பல்லு பிட்டு இருக்கா பாருங்க. அதைப் போட்டா காலாஸ், வேலை முடிஞ்சது."

மூன்று பெண் பிள்ளைகளும் 'காலாஸ்' என்ற சொல்லுக்குச் சிரித்தார்கள். ஸ்டெல்லா என்னிடம் வந்து குனிந்து, "அப்பா, சும்மா இருங்கப்பா, ப்ளீஸ்" என்றாள். ஆனால் பிரகாஷ் பிட்டை மாற்றினார். வெண்ணெயை வெட்டுகிற மாதிரி வெட்டியது. அதிலிருந்து அவருக்கு நான் 'சார்' இல்லை, 'அண்ணே'. மகளுக்கு மட்டும் நான் வாயை மூடாத பார்வையாளர்.

4

இனி நான் எழுதுவதுதான் விஷயம்.

பிள்ளைகள் மூன்று சனிக்கிழமை கஷ்டப்பட்டு ஒரு பேரலை அறுத்து, துண்டுகளை வெந்நீரில் போட்டு இளக்கி, பலகைக்கு அடியில் வைத்து மேலே கல்லேற்றித் தட்டையாக்கி வைத்திருந்தார்கள். ஆறு ஜோடிக்குச் சரியாக இருந்தது. வெட்டுவதுதான் பாக்கி. அந்த வாரம் ஸ்டெல்லாவுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டார்கள்.

"அடுத்த சனிக்கிழமை நான் வந்து வெட்டிக்கிறேன்பா. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

நான் அதற்கு முந்திய நாளே அவள் வரைந்த படத்தைப் பார்த்திருந்தேன். இருபத்தெட்டு சென்டிமீட்டர் நீளம், முறம் மாதிரி அகலம். என் அக்கா காலுக்கு இருபத்தெட்டா? பிள்ளை அளவு தெரியாமல் வரைந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவளிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. அவள் வகுப்பு முடிந்து வரும்போது ஆறு ஜோடியும் பளபளவென்று தயாராக இருக்க வேண்டும், அப்பாவைப் பார்த்து அசந்து போக வேண்டும் என்பது என் ஆசை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குக் காகிதமும் பேனாவும் கொண்டுபோய், "ஒவ்வொருத்தரா வந்து காலை வைங்க" என்றேன். தடைக்காலம், எல்லோரும் ஊரில்தான் இருந்தார்கள். ஆறு பேரும் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார்கள். ஒரே சிரிப்பு.

"ஏலே ஆரோக்கியம், இந்தத் தடவை என்னடா, ரெண்டு காலையும் எடுக்குற?" என்றாள் அக்கா.

"ரெண்டும் ஒரே அளவு இருக்காதுக்கா."

"பாருங்கடி, தம்பி எவ்வளவு நேர்த்தின்னு."

தெரேஸ் என்கிற பெண் காலை வைத்தபடியே, "அண்ணே, எனக்கு வழுக்காம இருந்தாப் போதும். கருப்பு மட்டும் வேணாம்" என்றாள்.

"கருப்பு இல்ல தெரேசு, நீலம்."

"நீலம்னா நல்லதுதான்."

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். லீவு முடிந்து கிளம்புகிறவன் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான்: காலை வரைந்து கொண்டுபோய், அடுத்த லீவில் வரும்போது செருப்பு வாங்கி வரப்போகிறான். நானே எத்தனை லீவில் எத்தனை காலை வரைந்திருக்கிறேன். பாசித் தட்டுக்குத்தான் ஸ்டெல்லா ஒரு மாதம் முன்னாலேயே அளவு எடுத்துவிட்டாளே. அப்புறம் தம்பி எதற்கு மறுபடி எடுக்கிறான்? செருப்புக்குத்தான். அவர்கள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. எதற்கு அளக்கிறேன் என்று நான் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை.

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். பிரகாஷ் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"ஸ்டெல்லாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமாண்ணே?"

"நான் அவளுக்கு அப்பன் தம்பி."

"சரிண்ணே."

பதிவேட்டில் 'ஆபரேட்டர்: பிரகாஷ், பார்வையாளர்: ஆரோக்கியசாமி' என்று எழுதிவிட்டு, பார்வையாளர் மஞ்சள் கோட்டைத் தாண்டி மெஷினை ஓட்டினேன். காகிதத்தில் இருந்த பாதத்தைச் சுற்றி ஒரு விரல் கூட்டி, வார் கோக்கும் துளைகளைப் பாதத்தை ஒட்டி வைத்து, பன்னிரண்டு தட்டு. ஷார்ஜாவில் பெரிய கடைகளுக்குக்கூட நான் அவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரையும் அக்கா வீட்டுக்கு வரச் சொன்னேன். ஸ்டெல்லாவும் வந்தாள். ஒவ்வொரு ஜோடியையும் செய்தித்தாளில் சுற்றிப் பெயர் எழுதி வைத்திருந்தேன். பொட்டலத்தைப் பார்த்ததும், இந்தத் தடவை ராமநாதபுரத்திலேயே செருப்பு வாங்கிவிட்டான் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

தெரேஸ்தான் முதலில் பிரித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னண்ணே இது?"

"தட்டு. பாசித் தட்டு."

"செருப்பு எங்க?"

"என்ன செருப்பு?"

தெரேஸ் செய்தித்தாளை உதறிப் பார்த்தாள். பிறகு அக்காதான் சிரித்தாள். "ஏலே, இவன் வாயில பாதி அரபி, பாதி இந்தி. தமிழுக்கு விசா கிடைக்கலை போல. செருப்புக்கு இல்லைன்னா சொல்ல வேண்டியதுதானடா!"

சரி, செருப்பு போகட்டும், தட்டைப் போட்டுப் பாருங்கள் என்றேன். தெரேஸ் உள்ளே போய்க் கடலுக்குப் போகிற கோலத்தில் வந்தாள். காலில் இரண்டு சாக்ஸ், அதற்கு மேல் சைக்கிள் டியூப் ரப்பரைப் பட்டையாக வெட்டிக் கணுக்கால் வரை சுற்று. பாறையில் நிற்கிற கால் அது. அந்தக் காலை என் தட்டில் வைத்தால், சுற்றிலும் வெளியே பிதுங்கியது. வாரைத் துளையில் கோக்கவே முடியவில்லை.

எனக்கு மூளை அப்போதுதான் வேலை செய்தது. இருபத்தெட்டு என்பது சாக்ஸும் ரப்பரும் சேர்ந்த அளவு. நான் கழுவித் துடைத்த வெறுங்காலை, வீட்டுச் சிமென்ட் தரையில் வைத்து வரைந்திருக்கிறேன். எங்கள் பக்கம் எந்தப் பெண் காலில் எதையாவது மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து அளவு கொடுப்பாள்?

அப்போதும் வாய் சும்மா இருந்ததா? இல்லை. "முன்னாடியெல்லாம் வெறுங்காலோடதானே போனீங்க?" என்று கேட்டேன்.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, குதிகால் தழும்பைக் காட்டினாள். "போனோம்டா. அதான் இப்பப் போகலை."

தெரேஸ் தட்டைத் தரையில் போட்டாள். எறியவில்லை, போட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது. "பிள்ளைட்ட ஒரு தடவ அளவு குடுத்தோம். அப்பன்ட்ட ஒரு தடவ குடுத்தோம். செருப்பும் இல்ல, தட்டும் இல்ல. எங்க தகரமே எங்களுக்குப் போதும் தாயி. இனி யாரும் எங்க காலை அளக்க வேணாம்." இதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொன்னாள். மற்ற நான்கு பேரும் அவள் பின்னாலேயே எழுந்து போனார்கள்.

ஸ்டெல்லா ஒவ்வொரு தட்டாகப் பொறுக்கி அடுக்கினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

6

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்றாள்.

"மூணு சனிக்கிழமைப்பா. வெந்நீர் ஊத்துறப்ப என் ஃபிரண்டுக்குக் கை வெந்துபோச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதும்மா."

"ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

"உனக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்..."

"வருஷத்துக்கு ஒரு தடவ வாறீங்க. அதுவே சர்ப்ரைஸ்தான். எனக்கு அது வேணாம். கேளுங்கப்பா, அது போதும்." பிறகு, "இந்த சனிக்கிழமை நான் மட்டும் போறேன்" என்றாள்.

சனிக்கிழமை எப்படியும் நான் ஊரில் இருக்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை ஃபிளைட். அப்படி இருந்தும், "நான் மட்டும்" என்று அவள் சொன்னது மதுரை விமான நிலையம் வரை என் கூடவே வந்தது. பெட்டியில் எடை கூடுதல் என்று கருவாட்டை வெளியே எடுக்கச் சொன்னார்கள். எடுத்துப் போட்டேன். வாதாடத் தெம்பில்லை.

கிளம்பும்போது அக்கா வீட்டில் ஒன்றைப் பார்த்தேன். குடிதண்ணீர் பிடித்து வைக்கும் நீலக் கேனைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தாள்.

"தண்ணிக்கு என்னக்கா பண்ணுவ?"

"அண்டாவுல புடிச்சிக்கிறேன். பேரலுதான் தீந்துபோச்சே, பிள்ளை வாக்குக் குடுத்திருக்குல்ல. ஒரு ஜோடி தேறும்னு சொல்லுது. இப்பைக்கு என் காலுக்கு மட்டும் இருந்தாப் போதும்."

பிறகு என்னைப் பார்த்து, "நீ தொடாம இருந்தாச் சரி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

7

இங்கே வந்தபின் மறுபடி எட்டு மணி, சவரி, எழுத்துகள். தடைக்காலம் முடிந்து பெண்கள் கடலில் இறங்கிய அன்று நான் ஒரு மருந்துக் கடைக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். கடைசி எழுத்தைத் தப்பாக வெட்டிப் பலகையை வீணாக்கினேன். மேனேஜர் கத்தினார். அவருக்கு என்ன தெரியும், என் மனம் முழுக்க ஒரு ஜோடி நீலத் தட்டில் கிடந்தது.

மத்தியானம் போனில் அக்காவின் குரல் பதிவு வந்தது. "நின்னுச்சுடா. நழுவவே இல்ல. ஆனா ஓரம் கூரா இருந்து ரப்பரை அறுக்குது. நாளைக்குப் போட முடியுமான்னு தெரியல."

உடனே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, எந்தப் பிட்டு, என்ன வேகம், எந்தக் கோணம் என்று எல்லாவற்றையும் கொட்ட விரல் துடித்தது. இங்கே ஓரம் மழுக்குகிற பிட்டு டப்பா நிறையக் கிடக்கிறது. யாராவது ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பலாமா என்றுகூட விசாரித்துவிட்டேன். போன் மட்டும் போடவில்லை. போடாமல் இருப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று பிள்ளைகளாகிய உங்களுக்குத் தெரியாது. எந்த மெஷினும் என்னை அவ்வளவு களைக்க வைத்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் ஸ்டெல்லாவே வீடியோவில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு டவுட்டு."

"கேளும்மா."

"ஓரத்தை மழுக்கணும். காலேஜ்ல அதுக்குப் பிட்டு இல்லைன்னு பிரகாஷ் அண்ணன் சொல்றாங்க. சனிக்கிழமை வரைக்கும் அத்தை காத்திருக்க முடியாது. வீட்டுல வச்சே எப்படிப் பண்றது?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்ல நாக்கு முன்னால் வந்தது. பிடித்து நிறுத்தினேன்.

"ரம்பப் பிளேடு இருக்கா?"

"இருக்கு."

"பல்லு இல்லாத முதுகுப் பக்கத்தை ஓரத்துல சாய்ச்சு வச்சுச் சுரண்டு."

"எந்தப் பக்கமா இழுக்கணும்? உள்ளயா, வெளியயா?"

"உன் பக்கமா."

போனைத் தரையில் வைத்தாள். எனக்குத் தெரிந்தது அக்கா வீட்டு உத்தரமும் ஒரு சிலந்திக்கூடும்தான். ஆனால் சத்தம் கேட்டது. சர்ர், சர்ர் என்று பிளாஸ்டிக் சுருள் சுருளாக வருகிற சத்தம். சரியாகத்தான் இழுக்கிறாள். ஒரு தடவை பிளேடு தாவியது. சாய்வு அதிகம். சொல்லலாமா என்று வாயெடுப்பதற்குள் அவளே சரி செய்துகொண்டாள். அக்கா காலை வைத்துப் பார்க்கிற சத்தம். "இன்னும் கொஞ்சம் தாயி, இங்கன." மறுபடி சர்ர். "ம். இப்ப உறுத்தலை."

அப்போது வாசலில் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. பெண் குரல், மெதுவாக ஏதோ கேட்டது. எனக்கு விளங்கவில்லை. சிலந்திக்கூடு ஆட, ஸ்டெல்லாவின் முகம் திடீரென்று திரை முழுக்க வந்தது. மூக்கில் நீலத் தூள்.

"அப்பா, வைக்கிறேன். தெரேஸ் அத்தை வந்திருக்கு. சாக்ஸ் மாட்டிட்டு வந்திருக்கு."